ஃபைன் போட்டும் நிற்காத நாள்வாடகை யூனிட்: வாபஸ் வாங்கலாமா?

மாடி17
அவசரம். எங்க மாடியில ஒரு யூனிட்டை நாள் கணக்குல விடுறாங்க. ராத்திரி 2 மணிக்குப் பெட்டி உருட்டுற சத்தம், லிஃப்ட்ல கூட்டம், நீச்சல் குளத்துல முகம் தெரியாத ஆளுங்க. மீட்டிங்ல தடை போட்டாச்சு, ஃபைனும் போட்டாச்சு. இப்ப ஓனர் வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கார், தடையே செல்லாதாம். கமிட்டி பயந்துபோய் ஃபைனை வாபஸ் வாங்கலாம்ங்குது. வாங்கலாமா கூடாதா?

அடையாறுக்காரன்
சங்கம் பதிவு ஆயிருக்கா? வெளிநாட்டுக்காரங்க தங்குறாங்களா? தங்கினா வந்த 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்தை அரசுக்கு ஆன்லைன்ல ஏத்தணும். இந்த மாதிரி ஆளுங்க பாதிப் பேர் ஏத்துறதே இல்ல. அங்க பிடிங்க, தானா அடங்கிடுவார்.

ஜூரோங்கிலிருந்து
தீர்மானமே எதுக்கு? தனியார் கொண்டோன்னா 3 மாசத்துக்குக் குறைவா விடவே கூடாது, வீவக வீடுன்னா (அரசு கட்டின அடுக்குமாடி) 6 மாசம். நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்கு ஒரு புகார் போடுங்க, மிச்சத்தை அவங்க பார்த்துப்பாங்க.

பழைய செயலாளர்
ஊர் பெயர் கேள்வியில் இல்லை. அதற்குள் ஒருவர் சென்னைக்கும் ஒருவர் சிங்கப்பூருக்கும் தீர்வு சொல்லியாயிற்று. மாடி17, ஊர் எது? ஜேஎம்பியா (யூனிட்டுகளுக்கு ஸ்ட்ராட்டா பட்டா, அதாவது அடுக்குமாடிப் பட்டா, வருமுன் உள்ள கூட்டு நிர்வாக அமைப்பு) எம்சியா (பட்டா வந்தபின் அமையும் நிர்வாகக் கழகம்)? தடை எந்த வகைத் தீர்மானம்? நோட்டீஸ் எத்தனை நாளுக்கு முன் போனது? இதைத் தராமல் "வாங்கலாமா கூடாதா" என்றால் பூவா தலையா போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

லிஃப்ட் மணி
எந்த ஊரா இருந்தா என்ன பாஸ், அக்செஸ் கார்டை வெட்டு. கெஸ்ட் கீழேயே நிப்பான், ஒரே வாரத்துல ரிவ்யூ எல்லாம் ஒரு ஸ்டார். கேஸ் முடிஞ்சது.

மாடி17
சாரி, கேஎல் (கோலாலம்பூர்). எம்சி. போன ஏஜிஎம்ல (வருடாந்திரப் பொதுக்கூட்டம்) 120 பேர் ஓட்டுப் போட்டோம், 71 பேர் தடைக்குக் கை தூக்கினாங்க. நாளுக்கு 200 ரிங்கிட் ஃபைன். "சட்டம் 757, பிரிவு 70(5) படி லீஸைத் தடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை"ன்னு நோட்டீஸ்ல இருக்கு.

ஸ்ட்ராட்டா அக்கா
இப்பதான் விஷயம் பிடிபடுது. இதுல ரெண்டு கேள்வி இருக்கு, தனித்தனியா எடுத்துக்குங்க.

முதல்ல, இப்படி ஒரு தடை போட எம்சிக்கு அதிகாரம் உண்டா? உண்டு. சட்டம் 757ங்கிறது மலேசியாவோட ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம். அதுல 70(5) என்ன சொல்லுதுன்னா, கூடுதல் விதி (எம்சி தானா போடுற விதி) எதுவும் யூனிட்டை விற்கிறது, லீஸுக்கு விடுறது, அடமானம் வைக்கிறது மாதிரி பரிவர்த்தனையைத் தடுக்கக் கூடாது. கேஎல் மோன்ட் கியாரால இருக்கிற வெர்வ் சூட்ஸ் வழக்கிலயும் ஓனர்கள் இதையேதான் வாதாடினாங்க. 2020ல கூட்டரசு நீதிமன்றம், அதாவது மலேசியாவோட உச்ச நீதிமன்றம், ஏத்துக்கல. ரெண்டு மூணு ராத்திரி தங்கிட்டுப் போறவருக்குக் கிடைக்கிறது லைசென்ஸ்தான், அதாவது தங்கிக்கொள்ள ஓர் அனுமதி. லீஸ் இல்ல, டெனன்சியும் (வாடகைக் குடியிருப்பு) இல்ல, அதனால 70(5) குறுக்கே வராது. அந்த வழக்கிலயும் ஃபைன் நாளுக்கு 200 ரிங்கிட்தான். உங்க ஓனரோட வக்கீலுக்கு இது தெரியாம இருக்காது.

அடுத்தது, உங்க தடை ஒழுங்கா நிறைவேறிச்சா? இங்கதான் மாட்டிக்கிட்டீங்க. கூடுதல் விதிக்குச் சிறப்புத் தீர்மானம் வேணும்: தீர்மானத்தோட வாசகத்தைப் போட்டு 21 நாள் நோட்டீஸ், செல்லுபடியாகிற ஓட்டுல முக்கால் பங்கு. 120ல முக்கால்னா 90. உங்களுக்கு விழுந்தது 71. சாதாரண ஏஜிஎம் நோட்டீஸ் 14 நாள்தான், அதையே அனுப்பியிருந்தா அது இன்னொரு ஓட்டை. நோட்டீஸ்ல இந்தத் தீர்மானம் தனியா அச்சாகியிருந்ததா, இல்ல "மற்றவை"யில எழுந்துச்சா?

லிஃப்ட் மணி
அக்கா, கார்டு விஷயம்?

ஸ்ட்ராட்டா அக்கா
கார்டை முடக்குறது பணம் பாக்கி வச்சவங்களுக்கு, மணி. அந்தச் சட்டத்துக்கான 2015 விதிமுறையோட மூன்றாம் அட்டவணையில இருக்கு: கேட்டு நோட்டீஸ் கொடுத்து 14 நாள் ஆகியும் கட்டலைன்னா டிஃபால்டர். அப்புறம் கார்டை முடக்கலாம், போக வர பதிவேட்டுல கையெழுத்து வாங்கலாம். கட்டாத ஃபைனும் பாக்கிதான், ஆனா ஃபைன் செல்லுற ஃபைனா இருக்கணும். தீர்மானமே ஆட்டம் காணும்போது கார்டை வெட்டினா, அடுத்த நோட்டீஸ்ல நஷ்டஈடு கேட்பார்.

அடையாறுக்காரன்
அவர் காசு போட்டு வாங்கின வீடுங்க. மாசத்துக்கு விட்டா நல்லவன், நாளுக்கு விட்டா கெட்டவனா? சத்தம் பிரச்சினைன்னா சத்தத்துக்கு ஃபைன் போடுங்க.

ஜூரோங்கிலிருந்து
வீடு அவருது, லிஃப்டும் குளமும் எல்லாருக்கும் பொது. அதோட எங்க ஸ்ட்ராட்டா சட்டத்துலயும் லீஸைத் தடுக்கக் கூடாதுன்னு இதே மாதிரி வாசகம் இருக்கு. இங்க திட்டமிடல் சட்டமே குறுகிய காலத் தங்கலை வெட்டிடுது, எம்சி தலையில ஏத்துறதில்ல. 2018ல 80 விழுக்காடு உரிமையாளர் சம்மதம், வருஷத்துக்கு 90 நாள்னு தளர்த்தலாமான்னு கருத்து கேட்டாங்க. 2019ல வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க.

அடையாறுக்காரன்
உங்க ஊர்ல எல்லாத்துக்கும் ஃபைன். அதை ஒரு பெருமையா வேற சொல்றீங்க.

பழைய செயலாளர்
சிங்கப்பூர் பெருமையும் சொத்துரிமைத் தத்துவமும் வேறு இழையில். இங்கே ஒருவர் வக்கீல் நோட்டீஸோடு நிற்கிறார். தத்துவம் பேசினாலும் 71 என்பது 90 ஆகாது.

ஸ்ட்ராட்டா அக்கா
அடையாறு அண்ணன் சொன்னதுல பாதி சரி, சத்தத்துக்குத் தனி விதி ஏற்கெனவே இருக்கு. மூன்றாம் அட்டவணையில தொந்தரவு கொடுக்கக் கூடாது, அங்கீகரிச்ச வரைபடத்துல உள்ள பயன்பாட்டுக்கு மாறா யூனிட்டைப் பயன்படுத்தக் கூடாதுன்னு வாசகம் இருக்கு. இந்த விதிகளைப் புதுசா நிறைவேத்த வேண்டியதில்ல.

மாடி17, வேலை இந்த வரிசையில நடக்கட்டும்.

பழைய ஃபைனுக்காகச் சண்டை போடாதீங்க. "உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் நிறுத்தி வைக்கிறோம்"னு எம்சி வக்கீல் மூலமா பதில் போகட்டும். "தவறு, வாபஸ்"னு எழுதிட்டா அடுத்த ரவுண்டுல அதையே காட்டுவார்.

அப்புறம் ஈஜிஎம் (சிறப்புப் பொதுக்கூட்டம்). கமிட்டி இழுத்தா, மொத்த ஷேர் யூனிட்ல (ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கின பங்கு எண்) கால் பங்கு வச்சிருக்கிற ஓனர்கள் சேர்ந்து எழுதிக் கேட்கலாம். 6 வாரத்துக்குள்ள கூட்டியாகணும். கட்டணம் பாக்கி உள்ளவங்க கூட்டத்துக்கு 7 நாள் முன்னாடி தீர்க்கலைன்னா ஓட்டு இல்ல. அந்தப் பட்டியலை முன்கூட்டியே எடுத்து உங்க ஆதரவாளர்கள் யாரும் அதுல இல்லாம பாத்துக்குங்க, நிறைய தீர்மானம் இங்கதான் கவிழுது. இன்னொண்ணு, கை தூக்கினா யூனிட்டுக்கு ஒரு ஓட்டு. யாராவது வாக்குச்சீட்டு ஓட்டெடுப்பு (poll) கேட்டா ஷேர் யூனிட் கணக்கு. நிறைய யூனிட் வச்சிருக்கிற டெவலப்பரோ முதலீட்டாளரோ எந்தப் பக்கம்னு முதல்லயே தெரிஞ்சுக்குங்க.

வாசகத்துல "வாடகைக்கு விடக் கூடாது"ன்னு மட்டும் எழுதிடாதீங்க, அது நேரா 70(5)ல போய் முட்டும். "கட்டணம் வாங்கி நாள் அல்லது வாரக் கணக்கில் தங்க அனுமதிப்பது, அப்படி விளம்பரம் செய்வது" தடைன்னு எழுதுங்க. உடனே ஓனர் "டெனன்சி அக்ரிமென்ட்" ஒண்ணைக் காட்டுவார். வருமான வரி வாரியத்துல முத்திரை வரி கட்டின சான்று கேளுங்க, மூணு ராத்திரி ஆளுக்கு யாரும் அதைக் கட்டுறதில்ல. நிறைவேறினதும் விதியோட நகலை கட்டட ஆணையர்கிட்ட கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்கி வச்சுக்குங்க.

ஆதாரத்தை இப்பவே சேருங்க. விளம்பரப் பக்கத்தோட ஸ்க்ரீன்ஷாட், தேதியும் இணைய முகவரியும் தெரியணும். வீட்டு முகவரியை மறைச்சிருப்பாங்க, அதனால ஜன்னல் காட்சி, சமையலறை ஓடு, குளம் தெரியிற கோணம் இதெல்லாம் பொருத்திப் பாருங்க. ஒரே மாசத்துல நாலஞ்சு ரிவ்யூ இருந்தா நாள்வாடகைன்னு தானே பேசும். படிக்கட்டுல சாவிப் பெட்டி தொங்கினா படம் எடுங்க. காவலர் சாவடியில இருக்கிற வருகைப் பதிவேட்டு நகலை கமிட்டி எடுக்கட்டும். தங்க வந்தவங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவுல போடாதீங்க, அவங்க மேல தப்பு இல்ல.

மாடி17
நன்றி அக்கா. பாத்துட்டேன், 14 நாள் நோட்டீஸ்தான், "மற்றவை"யிலதான் வந்திருக்கு. கமிட்டி ஈஜிஎம்முக்கு ஒத்துக்கிச்சு.

லிஃப்ட் மணி
அப்ப கார்டு இப்போதைக்கு இல்ல. சரி.

கிள்ளான்_புதியவர்
எங்களுக்கும் இதே தொல்லை. ஆனா ஸ்ட்ராட்டா பட்டா இன்னும் வரல, ஜேஎம்பிதான். எம்சிக்குச் சொன்னதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

பழைய செயலாளர்
ஜேஎம்பிக்கும் கூடுதல் விதி போடும் அதிகாரம் உண்டு. பிரிவு 70 அல்ல, 32. புது இழை தொடங்குங்கள். ஊர், யூனிட் எண்ணிக்கை, கடைசிக் கூட்டத்தின் நோட்டீஸ் தேதி, மூன்றையும் முதல் வரியிலேயே போடுங்கள்.