பொருள்: மறு: செல்ஃப்-ஹோஸ்டிங் – தமிழில் எந்தச் சொல்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது. இதுவரை வந்த சொற்கள்: தன்வழங்கல், சுயவழங்கி, தன்னோம்பல், தற்புரவு. ஒரு நண்பர் "செல்ஃப்-ஹோஸ்டிங் என்றே எழுதிவிட்டுப் போங்கள், யாருக்கும் வயிறு வலிக்காது" என்கிறார். வலிக்காதுதான். ஆனால் நாம் தமிழாக்கும் கையேடு, இலவசத் தளத்தில் எழுதிக்கொண்டிருப்பவர் தம் வலைப்பதிவைத் தாமே நடத்தும் தளத்துக்கு மாற்றுவது எப்படி என்று சொல்லித்தருவது. இந்தச் சொல் முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது, அப்புறம் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. கணினித் துறையில் இல்லாதவர், உதாரணமாகச் சமையல் குறிப்போ கோயில் கல்வெட்டோ எழுதுகிறவர், அந்த முதல் பத்தியிலேயே திரும்பிப் போய்விடக் கூடாது.

சொல்லுக்குப் போகும் முன், இந்த வேலையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஹோஸ்டிங் என்றால் வழங்கியில், அதாவது கேட்பவருக்குப் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் கணினியில், வைப்பது, செல்ஃப் என்றால் தான், இரண்டையும் ஒட்டினால் தன்வழங்கல். கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் 'சொந்த வழங்கி' என்பது நடைமுறையில் அநேகமாக யாரிடமும் இல்லை. ரிச்சி தெருவில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியை வாங்கிவந்து வீட்டு அலமாரியில் வைத்துப் பதிவை நடத்தலாம், தடையில்லை. ஆனால் பல வீட்டு இணைப்புகளில் உங்களுக்கென்று பொது ஐபி முகவரி கிடையாது. பல வீடுகள் ஒரே முகவரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வெளியிலிருந்து வருகிறவருக்கு உங்கள் வீட்டுக் கதவு எது என்றே தெரியாது. அதையும் சுற்றுவழியில் சமாளித்தாலும் மின்சாரம் இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. பதிவைப் பார்க்க வந்தவரிடம் "தண்ணீர் வடியட்டும், அப்புறம் வாருங்கள்" என்றா சொல்வது?

ஆகவே பெரும்பாலானோர் செய்வது வாடகைக்கு எடுப்பதுதான். சிறுசேரியிலோ அம்பத்தூரிலோ உள்ள தரவு மையத்தில், இல்லாவிட்டால் வேறு நாட்டில், ஒரு கணினியின் ஒரு பங்கை மாத வாடகைக்கு எடுக்கிறார்கள். தளத்தின் முகவரியாக நிற்கும் களப்பெயர் ஒன்றை ஆண்டுக் கட்டணம் கட்டித் தம் பெயரில் பதிந்துகொள்கிறார்கள். வேர்ட்பிரஸோ கோஸ்ட்டோ ஹியூகோவோ, ஏதாவதொரு பதிவு மென்பொருளை நிறுவுகிறார்கள். பொறி அடுத்தவருடையது, மென்பொருள் எல்லோருக்கும் பொதுவானது. அப்படியானால் 'செல்ஃப்' எங்கே இருக்கிறது? பெயரிலும் பராமரிப்பிலும் இருக்கிறது. வேர்ட்பிரஸுக்குப் புதிய பதிப்பு வந்தால் புதுப்பிக்க வேண்டியவர் நீங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும். அது தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்துவைப்பதும், அது நின்றுபோனால் கவனிப்பதும் உங்கள் தலையில். காப்புநகல் எடுக்காமல் வட்டு போனால் கேட்க ஆளில்லை. பதிலுக்கு, விளம்பரம் போடவோ, வார்ப்புருவை மாற்றவோ, ஒரு நாள் "சேவையை நிறுத்துகிறோம்" என்று கடிதம் அனுப்பவோ வேறு யாருக்கும் உரிமை இல்லை.

அந்தக் கடிதம் எப்படி இருக்கும் என்பது இங்கே பலருக்குத் தெரியும். இலவசமாகத் தளம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. யாகூ குழுமங்கள் என்ற மின்னஞ்சல் குழுச் சேவையின் உள்ளடக்கத்தை 2019 டிசம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கி, மறு ஆண்டு டிசம்பரில் சேவையையே மூடினார்கள். இதே போன்ற கலைச்சொல் சண்டைகள் எத்தனையோ அங்கே நடந்திருக்கின்றன. முகவரி நம்முடையதாக இல்லாவிட்டால் நடப்பது வேறொன்றும் உண்டு. 2012இல், கூகுளின் இலவசச் சேவையான பிளாகரில் எழுதப்படும் பிளாக்ஸ்பாட் பதிவுகளைப் படிக்கும் இந்திய வாசகர்களை டாட் இன் முகவரிக்குத் திருப்பிவிட்டார்கள். பலர் அந்த முகவரியையே நகலெடுத்துத் தங்கள் பதிவுகளில் இணைப்பாகக் கொடுத்தார்கள். 2020இல் அந்தக் களப்பெயர் வேறொருவர் கைக்குப் போனது. டாட் காம் முகவரியில் பதிவு பத்திரமாக இருந்தும் டாட் இன் இணைப்புகள் செத்துப்போயின.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'சுயவழங்கி', 'தன்வழங்கல்' இரண்டும் பொறியைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. பொறிதான் நம்முடையது இல்லையே. 'தற்புரவு' நல்ல ஓசை, ஆனால் எனக்கு அது அரசர் காலத்து மானியம் போலக் கேட்கிறது.

'தன்னோம்பல்' சொன்ன நண்பர் பராமரிப்பைப் பிடித்துவிட்டார், அதற்காகவே அதை மதிக்கிறேன். ஓம்புதலுக்குப் பேணுதல், காப்பாற்றுதல் என்று சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் பொருள் தருகிறது. விருந்தோம்பலில் மட்டுமல்ல, குறளில் அரசனுக்குச் சொன்ன 'குடியோம்ப'லிலும் (390) அதே பொருள்தான். ஆனால் தன்னோம்பல் என்றால் தன்னைத் தானே பேணிக்கொள்வது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, நேரத்துக்குத் தூங்குவது, இவைதான் தன்னோம்பல். தற்கொலையில் 'தன்' செயப்படுபொருளாக நிற்கிறது அல்லவா, அதே கதை. தானே செய்வது என்று வேண்டுமானால் 'தானியங்கி' மாதிரி 'தானோம்பல்' என்று போக வேண்டும். இலக்கணப்படி இது பழுதில்லாத சொல். இருந்தாலும் சென்னையில் எந்தப் பேருந்திலும் யாரும் ஓம்புவதாகக் காதில் விழுந்ததில்லை. போதாக்குறைக்கு, தட்டச்சில் ஓர் எழுத்து பிசகினால் சபையில் சொல்ல முடியாத சொல்லாகிவிடும். கல்லூரிப் பட்டறையில் இதை ஒரு முறை திரையில் காட்டிப் பாருங்கள், அப்புறம் வகுப்பு நடக்காது.

என் முன்மொழிவு: தனிக்குடித்தனம்.

சிரிக்காமல் கேளுங்கள். கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போகிறவர் சொந்த வீட்டுக்கா போகிறார்? மடிப்பாக்கத்தில் வாடகை வீடாக இருக்கலாம், பெரம்பூரில் லீசுக்கு எடுத்ததாக இருக்கலாம். சுவர் வீட்டுக்காரருடையது. ஆனால் சமையலறை இவருடையது, கதவில் இவர் பெயர், கேஸ் தீர்ந்தால் இவர்தான் பதிய வேண்டும். வீட்டுக்காரரோடு ஒத்துவராவிட்டால் பாத்திரபண்டங்களோடு வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம். வழங்கி வாடகை, பெயர் சொந்தம், பொறுப்பு முழுக்கத் தன்னுடையது என்ற மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் இன்னொரு தமிழ்ச் சொல் எனக்குத் தெரியவில்லை. இதை விளக்க அடிக்குறிப்பும் வேண்டாம். சுட்டி, ஓடை, கோப்பு எல்லாம் இப்படி ஏற்கெனவே இருந்த சொல்லுக்குப் புது வேலை கொடுத்ததால் நிலைத்தவைதாம்.

கூடவே இன்னொன்றும் கிடைக்கிறது. மைக்ரேஷனுக்கு 'இடமாற்றம்' என்று வைத்திருக்கிறோம், அது அரசு ஊழியருக்கு வரும் ஆணை மாதிரி இருக்கிறது. 'குடிபெயர்ப்பு' என்று மாற்றினால் இரண்டும் ஒரே குடும்பச் சொற்களாகிவிடும். அதற்காகக் களப்பெயரைக் கதவிலக்கம் என்றும் தரவுத்தளத்தைப் பரண் என்றும் யாரும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். வழங்கி வழங்கியாகவே இருக்கட்டும்.

குடிபெயர்ப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது, கையேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் தமிழ்ப் பதிவர்களுக்கென்று சில பத்திகள் தனியாகச் சேர்க்க வேண்டும். மூல நூலில் இவை இல்லை, இருக்கவும் வாய்ப்பில்லை. பிளாகர், தலைப்பிலுள்ள ரோமன் எழுத்துகளை வைத்துத்தான் பதிவின் முகவரி வாலை, அதாவது முகவரியின் கடைசித் துண்டை, உண்டாக்கும். தமிழ்த் தலைப்பு என்றால் வெறும் 'பிளாக்-போஸ்ட்', அடுத்ததற்கு அதோடு ஓர் எண். எந்தத் தமிழ்ப் பதிவைத் திறந்தாலும் முகவரிப் பட்டையில் இந்த அனாதைப் பெயர்தான். (ஸ்லக் என்பதற்கு வால் என்று எழுதியிருக்கிறேன், தயவுசெய்து இதற்கு இப்போது தனி இழை தொடங்க வேண்டாம்.) வேர்ட்பிரஸுக்குக் கொண்டுவந்து புது வால் வைத்தால் பழைய இணைப்புகள் அறுந்துபோகும். பழைய முகவரி ஒவ்வொன்றிலிருந்தும் புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திருப்பிவிடல் வேண்டும். களப்பெயர் முன்பே உங்களுடையதாக இருந்தால் இது எளிது. இலவச முகவரியில் இருந்தவருக்கு வழங்கியே கையில் இல்லாததால், வார்ப்புருவில் சில வரிகள் சேர்த்து வாசகரை மெல்லத் திருப்பிவிட வேண்டியிருக்கும். ஏற்றுமதிக் கோப்பில் பதிவுகளும் பின்னூட்டங்களும் இருக்கும், படங்கள் இருக்காது என்பதையும் தடித்த எழுத்தில் போட வேண்டும். படங்களின் முகவரிகள் மட்டுமே அதில் இருக்கும். தளம் மாறிய பிறகும் படங்கள் பழைய இடத்திலிருந்தே வந்துகொண்டிருப்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
மாம்பலத்திலிருந்து

*

> என் முன்மொழிவு: தனிக்குடித்தனம்.

அண்ணா, வணக்கம். படித்துச் சிரித்தேன், அப்புறம் யோசித்தேன். சொல் பிடித்திருக்கிறது. ஆனால் மூன்று சங்கடங்கள் இருக்கின்றன.

முதலாவது, இதைச் சுருக்காமல் நம்மவர்கள் விடமாட்டார்கள். ஆறே மாதத்தில் 'தனிக்குடி' ஆகிவிடும். "நான் தனிக்குடிக்கு மாறிவிட்டேன்" என்று யாராவது எழுதினால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? டாஸ்மாக் வாசலில் நிற்கிற சொல் அது.

இரண்டாவது, தனிக்குடித்தனம் என்றாலே மாமியார் மருமகள் சண்டையும், "மகனைப் பிரித்துக்கொண்டு போய்விட்டாள்" என்ற பழியும் கூடவே வரும். அந்தப் பழி எப்போதும் யார் மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. கையேட்டைப் படிக்கிற பெண்கள் எல்லோருக்கும் இது நகைச்சுவையாகப் படும் என்று நான் நினைக்கவில்லை.

மூன்றாவது, நிரலர் என்ற முறையில் என் கவலை நீளம். பொத்தானில் போட இடம் வேண்டும். நீங்கள் சொன்ன முகவரி வாலுக்கே வாருங்கள். வேர்ட்பிரஸ் வாலின் நீளத்தை 200 இடத்தில் நிறுத்துகிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும், எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தெண்ணுமாக விரிகிறது. ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம், மொத்தம் 22 குறிதான் கொள்ளும். 'தனிக்குடித்தனம்' என்பதில் புள்ளி, கொக்கி எல்லாம் சேர்த்து 15 குறி. 135 இடம் அதற்கே போய்விடும். 'தனிக்குடித்தனம் போவது எப்படி' என்று தலைப்பு வைத்தால் வால் நடுவிலேயே வெட்டுப்படும். 'தன்வழங்கல்' 10 குறிதான்.

திருவான்மியூரிலிருந்து

*

வணக்கம். மூன்றும் நியாயமானவை, மூன்றாவதை முதலில் எடுக்கிறேன்.

வால் வெட்டுப்படுவது இந்தச் சொல்லின் குற்றமில்லை. தமிழில் ஓரளவு நீளமாகத் தலைப்பு வைக்கிற எல்லோருக்கும் நடப்பது. அதனால் வாலை ரோமன் எழுத்தில் சுருக்கமாகக் கையாலேயே தட்டச்சு செய்யும்படி அதே மூன்றாம் அத்தியாயத்தில் எழுதிவிடலாம். உங்கள் 22 குறிக் கணக்கை அப்படியே சேர்த்துக்கொள்கிறேன், இதைவிடத் தெளிவாக என்னால் எழுத முடியாது. நிலைப்பக்கத் தளம் உண்டாக்கும் ஹியூகோ, ஜெக்கில் போன்றவற்றிலும் கோப்புப் பெயரை ரோமனில் வைப்பதே நல்லது. 'கோ' என்பதில் ககரத்தோடு சேரும் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் பிரிந்த இரண்டு குறியாகவும் எழுதலாம். பழைய மேக் கோப்பு முறை பிரித்துத்தான் வைக்கும். லினக்ஸ் வழங்கிக்கு இரண்டும் வேறு வேறு பெயர். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இணைப்பு, சொடுக்கினால் 'பக்கம் இல்லை' என்று வரும்.

பொத்தானைப் பொறுத்தவரை, அங்கே பெயர்ச்சொல்லே வேண்டாம் என்பது என் கட்சி. அந்தத் திரையில் இரண்டு தெரிவுகள்தான் இருக்கின்றன. சேவை தருபவரிடமே விடுவதற்கு 'நீங்களே நடத்துங்கள்', தாமே நடத்துவதற்கு 'நானே நடத்துகிறேன்'. மூல நூலில் இரண்டு இடத்திலும் பெயர்ச்சொல் இருக்கிறது என்பதற்காக நாமும் பெயர்ச்சொல்லைத் திணிக்க வேண்டியதில்லை.

தனிக்குடி என்ற சுருக்கத்தைச் சொல்லடைவிலேயே தடுத்துவிடுவோம். 'முழுச்சொல்லாக மட்டும் பயன்படுத்துக' என்று ஒரு வரி போதும். யாரும் கேட்கமாட்டார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, முயன்று பார்ப்போம்.

மாமியார் பேச்சுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வேலை கிடைத்து வெளியூர் போகிற பையனும் பெண்ணும் இன்று தனிக்குடித்தனம்தான் நடத்துகிறார்கள், பழி ஒட்டாமல் அந்தச் சொல் புழங்கும் வீடுகளும் இருக்கின்றன. இருந்தாலும் நீங்கள் சொல்லும் வீடுகளே அதிகம் என்பதை மறுக்க மாட்டேன். அதனால் இப்படிச் செய்யலாம்: முதல் அத்தியாயத்தின் விளக்கப் பத்தியிலும் தலைப்பிலும் தனிக்குடித்தனம். நுட்பம் பேசும் பிற அத்தியாயங்களில் 'தானே நடத்தும் தளம்' என்ற வெறும் தொடர். வரைவை அனுப்புகிறேன். பட்டறைக்கு வரும் பெண்களிடம் முதல் அத்தியாயத்தைக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் முகம் சுளித்தால் தலைப்பிலிருந்தும் எடுத்துவிடுவோம்.

'குடிபெயர்ப்பு' பற்றி இதுவரை யாரும் மறுப்புச் சொல்லவில்லை, அதனால் அதைச் சொல்லடைவில் ஏற்றிவிட்டேன். காப்புநகலா, மறுபிரதியா என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் புது இழை தொடங்குங்கள்.

மாம்பலத்திலிருந்து