வேலைய விடுறதா வேணாமா? தூக்கமே போச்சு

மதுரைல ஒரு பைனான்ஸ் கம்பெனில கலெக்சன் வேலை, 4 வருசமாச்சு. காலைல மாட்டுத்தாவணி சிக்னல் தாண்டுனாலே நெஞ்சு படபடன்னு அடிக்கிது, ஆபீஸ் வாசல்ல பைக்க நிறுத்திட்டு சாவிய எடுக்காம பத்து நிமிசம் அப்படியே உக்காந்திருக்கேன், கை நடுங்குது. ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கமே இல்ல. வீட்ல தங்கச்சி கல்யாணக் கடன் இருக்கு. விட்றவா?

பதில் 1:
தம்பி, ராஜினாமா லெட்டர இப்ப எழுதாதீங்க, மொதல்ல டாக்டர பாருங்க. பெரியாஸ்பத்திரில மனநல ஓபி இருக்கு, காசு கிடையாது. சம்பளத்துல இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) புடிக்கிறாங்களா? புடிச்சா, 6 மாசத்துல 78 நாள் பணம் கட்டியிருந்து டாக்டர் சர்டிபிகேட்டும் குடுத்தா, வருசத்துக்கு 91 நாள் வரைக்கும் 70 சதவீத சம்பளம் வரும். நான் அப்படித்தேன் ரெண்டு மாசம் ஓய்வெடுத்தேன், தூக்கம் திரும்புன பெறகுதான் என்ன பண்றதுன்னே யோசிக்க முடிஞ்சுச்சு.

பதில் 2:
அண்ணே, கடன் எப்படியும் அடைஞ்சிரும், உடம்பு போனா யாரு பாப்பா? நான் விட்டுட்டேன், இப்ப திருமங்கலத்துல பாதி சம்பளம்தான், ஆனா சோறு எறங்குது. மூணு மாசச் செலவுக்கு மட்டும் கைல வச்சுட்டு விடுங்க.

பதில் 3:
ராத்திரி முழிப்பு வந்தா தனியா கெடக்காதீங்கண்ணே. 14416க்கு அடிங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசுவாங்க, காசில்ல. வீட்லயும் சொல்லிருங்க.

கேட்டவர்:
இஎஸ்ஐ புடிக்கிறாங்கண்ணே. நாளைக்கு அம்மாட்ட சொல்லிட்டு ஓபிக்கு போறேன்.