அடிபட்டு நினைவு தப்பிய அந்தச் சில நொடிகள்

கபடி அண்ணன்:
பொங்கல் கபடி. தம்பி பாடிப் போனான். மடக்க வந்தவரின் முழங்கால் அவன் பொட்டில் இறங்கியது. விழுந்தவனின் ஒரு கை மடங்கி, மற்றொரு கை வானத்தைப் பார்த்து நீட்டியபடி விறைத்து நின்றது. சில நொடிகள்தான். அந்தக் கை இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. வலிப்பு என்று யாரோ கத்த, சாவிக்கொத்தை உள்ளங்கையில் திணித்தார்கள். கண் விழித்ததும் "யாருக்கு எத்தனை பாயின்ட்?" என்றான். சொன்னோம். மறுபடியும் அதே கேள்வி. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் இருபது முறையாவது கேட்டிருப்பான்.

மல்லிகை:
பூக்கடையில் இரண்டு முழம் வாங்கியது நினைவிருக்கிறது. அடுத்து ஆஸ்பத்திரி மின்விசிறி. நடுவில் முக்கால் மணி நேரம் காணவில்லை. ஸ்கூட்டர் சாய்ந்ததாம், நானே எழுந்து உட்கார்ந்து, கணவரின் எண்ணைப் பிழையில்லாமல் சொல்லி, பூவையும் எடுத்துத் தரச் சொன்னேனாம். அப்படிப் பேசியது யார்? இரண்டு ஆண்டுகளாக இதே உறுத்தல். ஹெல்மெட் போட்டிருந்தேன், அதைக் கேட்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற செவிலியர்:
பேசியது நீங்கள்தான் அம்மா. நினைவில் பதிக்கும் வேலை மட்டும் அன்று விடுப்பில் இருந்தது. கபடி அண்ணனுக்கு: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது வலிப்பு இல்லை. தலை சட்டென்று திரும்பும்போது, மண்டைக்குள் நீரில் மிதக்கும் மூளை முறுக்கிக்கொள்கிறது. அந்த இழுப்பு மூளைத்தண்டு வரை போனால் நினைவு தப்பும், கை இப்படி விறைக்கும். நரம்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கொட்டிவிடும். அதை மறுபடி உள்ளே இறைக்க மூளை சர்க்கரையை எரித்துத் தீர்க்கும். நாள்கணக்கில் சோர்வு வருவது அதனால்தான். அது ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழவே கூடாது. தம்பி அடுத்த ஆட்டம் ஆடினானா? ஆடியிருந்தால் உங்களைத்தான் திட்டுவேன். வலிப்பாகவே இருந்தாலும் இரும்புக்கு அங்கே வேலையில்லை. நானும் ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்தவள்தான், அது கிடக்கட்டும். எழுந்து நடந்துவிட்டார் என்று நிம்மதி அடையாதீர்கள். 1998-ல் டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல், பேட்ஸ்மேனுக்கு மிக அருகே ஷார்ட் லெக்கில் ஃபீல்டிங் நின்ற இந்திய கிரிக்கெட் வீரர் ரமன் லம்பா, தலையில் பந்து பட்டும் நடந்தேதான் வெளியே போனார். மூன்று நாளில் இறந்தார். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாவது, இவற்றில் எது தெரிந்தாலும் நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.

கபடி அண்ணன்:
ஆட விடவில்லை அம்மா. சாவியைத் திணித்தது எங்கள் அப்பா. ஆஸ்பத்திரி போக வண்டியை எடுக்கலாம் என்றால் சாவியைக் காணவில்லை. ஐந்து நிமிடம் எல்லோரும் தேடினோம். தம்பியின் கைக்குள்ளேயே இருந்தது.