குல்மார்க்கில் பனி எப்போது விழும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோட்டில் இருந்து:

எனக்குத் தக்காளி வியாபாரம், வருஷத்தில் ஒரு வாரம் கடையை விட்டு நகர்ந்தாலே பெரிய விஷயம். அந்த ஒரு வாரத்தை 2024 ஜனவரியில், பொங்கலுக்கு முன்னால், குல்மார்க்குக்கு என்று ஒதுக்கினேன். காஷ்மீரில் டிசம்பர் 21-ல் தொடங்கி 40 நாள் 'சில்லை கலான்' என்று கடுங்குளிர்காலம், அதற்குள் போனால் முழங்கால் அளவு பனி நிச்சயம் என்று நம்பித்தான் பெங்களூரில் விமானம் ஏறினோம். போய் இறங்கினால் எங்கே பார்த்தாலும் காய்ந்த பழுப்புப் புல். நம்ம ஊரில் சித்திரையில் ஏரி வற்றிக் கிடக்குமே, அப்படி இருந்தது. ஸ்கீ வாடகைக்குக் கொடுக்கிறவர்கள் கடை முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குளிர் மட்டும் எலும்பைக் குடைந்தது, ராத்திரியில் பூஜ்யத்துக்கும் கீழே. என் பையன் "அப்பா, இவ்வளவு குளிருது, பனி ஏன் இல்லை?" என்று கேட்டான், எனக்குப் பதில் தெரியவில்லை.

பதிலை அங்கே குதிரைக்காரர் ஒருவர்தான் சொன்னார். குளிர் மட்டும் இருந்தால் பனி வந்துவிடாது, ஈரம் வர வேண்டும். நமக்கு வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவானால்தான் ஐப்பசியில் மழை. அவர்களுக்கு மத்தியதரைக் கடல் பக்கம் இருந்து மேற்கத்தியக் காற்றோடு கிளம்பி வரும் கலக்கங்கள் வந்தால்தான் பனி. அந்த வருஷம் ஜனவரி கடைசி வரை உருப்படியாக ஒன்றும் வரவில்லை. நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, மாதக் கடைசியில்தான் கொட்டத் தொடங்கியது. அந்தப் படங்களைப் பார்த்து வயிறு எரிந்தது, பொய் சொல்லவில்லை.

இந்த முறை தேதியைச் சரியாகப் பிடிக்க வேண்டும். எப்போது போனீர்கள், எப்படி இருந்தது, சொல்லுங்கள்.

ஓசூரில் இருந்து:

அண்ணா, அதே 2024-ல் நாங்கள் மாசி பிறந்ததும் போனோம். பாட்டி சொல்வாரே, "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று, அது நம்ம ஊர்ப் பனிக்குச் சொன்னது, ஆனாலும் குல்மார்க்குக்கும் தை பாதிக்கு மேல், மாசி இந்தக் கணக்குதான் சரியாக வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்களுக்கு இரண்டு நாள் விடாமல் கொட்டியது. தங்மார்க்கிலேயே டயருக்குச் சங்கிலி கட்டின வண்டிக்கு மாறித்தான் மேலே போக முடிந்தது, அங்கிருந்து 13 கிலோமீட்டர், அதற்கே அவ்வளவு நேரம்.

பனி விழுகிற நாளில் மேலே போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கேபிள் கார் இரண்டு கட்டம். முதல் கட்டம் கொங்டோரி வரை, இரண்டாவது அஃபர்வத் பக்கம் ஏறத்தாழ 3,980 மீட்டர் வரை. காற்று பலமாக இருந்தால் இரண்டாவதை நிறுத்திவிடுவார்கள். எங்களுக்கு இரண்டு நாள் மூடியே கிடந்தது, மூன்றாம் நாள் காலையில் வெயில் அடித்த பிறகுதான் திறந்தது. அதனால் குறைந்தது 4 நாளாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். குல்மார்க் 2,650 மீட்டர்தான், உச்சிக்கும் கீழுக்கும் 8 டிகிரி வரை வித்தியாசம் இருக்கும். கீழே ஸ்வெட்டர் போதும் என்று போன என் தங்கை மேலே நடுங்கி அழுதேவிட்டாள். அப்புறம் கண்ணாடி இல்லாமல் போகாதீர்கள், வெள்ளையில் பட்டுத் திரும்புகிற வெயில் கண்ணைப் பறிக்கும்.

ஊத்தங்கரையில் இருந்து:

தம்பி, பாப்பா, இரண்டு பேர் சொன்னதையும் படித்தேன். ராணுவத்தில் இருந்தபோது அந்த மலையில் இரண்டு குளிர்காலம் கழித்தவன் நான். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பெரிய பனி விழுந்து முடிந்த உடனே வரும் நீல வானம்தான் பார்க்க அழகு, ஆபத்தும் அப்போதுதான் அதிகம். பழைய பனி வெயிலில் இளகி ராத்திரியில் இறுகி ஓடு மாதிரி ஆகிவிடும். அதன் மேல் விழும் புதுப்பனி, ஓட்டின் மேல் கொட்டிய கேழ்வரகு மாவு மாதிரி ஒட்டாமல் நிற்கும். ஒரு ஆள் குறுக்கே சறுக்கினால் போதும், மொத்தமாகக் கிளம்பும். கிளம்புவதற்கு முன்னால் சில சமயம் காலடியில் 'உம்' என்று ஒரு சத்தம் வரும், பனி ஒரு விரல் இறங்கும். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பாப்பா போன அதே மாசம், 2024 பிப்ரவரி 22-ல், அங்கே பனிச்சரிவில் ரஷ்யச் சறுக்கு வீரர் ஒருவர் இறந்தார். கயிறு கட்டி எல்லை போட்ட இடத்தை விட்டு, உள்ளூர் வழிகாட்டி இல்லாமல், ஒரு அடி வெளியே போகாதீர்கள்.

மார்ச் பாதிக்கு மேல் போனால் காலையில் கெட்டி, மதியம் சேறு மாதிரி ஆகிவிடும். சறுக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அப்போது காலையிலேயே பாடத்தை முடித்துக்கொள்வது நல்லது.

பாலக்கோட்டில் இருந்து:

ரொம்ப நன்றி ஐயா, நன்றிம்மா. மாசி முதல் வாரம், 5 நாள் என்று முடிவு செய்துவிட்டேன். இந்த முறை அம்மாவும் வருகிறேன் என்கிறார், வயது 64, இரத்த அழுத்தம் உண்டு. அவரைக் கொங்டோரியோடு நிறுத்திவிடலாமா, அதுவே அதிகமா?

ஊத்தங்கரையில் இருந்து:

முதலில் டாக்டரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால், ஸ்ரீநகரில் ஒரு ராத்திரி, குல்மார்க்கில் ஒரு ராத்திரி தங்கிப் பழகட்டும், அப்புறம் கொங்டோரி. அதற்கு மேல் வேண்டாம் தம்பி. கீழேயே ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பனி விழுவதைப் பார்க்கட்டும், அது சத்தமே இல்லாமல் விழும், அவருக்குப் பிடிக்கும்.