புதுப்பிப்பு: ஸ்பானியத்தில் 'ரொம்பச் சின்னது' என்று சொல்ல

உதவிய எல்லாருக்கும் நன்றி. 'பெக்கேன்யோ' (சிறிய) தவிர, மிகச் சிறிய பொருட்களுக்கு வேறு என்ன அடைமொழி என்று கேட்டிருந்தேனே, விடை கிடைத்துவிட்டது. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது எனக்கு ஒத்துவரவில்லை. கண்ணெதிரே ஒரு பொருளை வைத்துக்கொண்டு பேசிப் பார் என்று ஒரு அக்கா எழுதியிருந்தார், அதுதான் வேலை செய்தது.

இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பொருளுக்கா பஞ்சம்? செம்பனையின் (எண்ணெய்ப் பனை) ஆண் பூக்குலையைத் தட்டினால் அரிசி மணியைவிடச் சிறிய பழுப்பு வண்டுகள் உள்ளங்கையில் விழுந்து ஓடும் (மகரந்தச் சேர்க்கைக்காக 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த இனம்). அது 'உன் கோர்கோஹோ திமினூத்தோ', அதாவது ஒரு மிகச் சிறிய வண்டு; 'திமினூத்தோ'தான் நான் தேடிய சொல். எறும்பு ஸ்பானியத்தில் பெண்பால், அதனால் கடைசி 'ஓ' 'ஆ' ஆகி 'உனா ஒர்மீகா திமினூத்தா'. இன்னும் அழுத்திச் சொல்ல 'மினூஸ்குலோ', கண்ணுக்கே தெரியாததற்கு 'மிக்ரோஸ்கோப்பிக்கோ'. இரண்டுக்கும் அதே ஓ-ஆ மாற்றம்தான், பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வரும்.

எதிர்பாராதது, சொல்லின் கடைசியில் சேர்ந்து 'குட்டி' என்ற பொருள் தரும் 'ஈத்தோ' விகுதி. மெக்சிகோக்காரர்கள் வாயில் 'சிக்கீத்தோ' அடிக்கடி வருகிறது, சரி, அது சின்னதுதான். ஆனால் காப்பியைக் குறிக்கும் 'கஃபே'யிலிருந்து வரும் 'கஃபெசீத்தோ' என்றால் குட்டிக் கோப்பை என்று நினைக்காதீர்கள், பிரியமாகக் காப்பி குடிக்கக் கூப்பிடும்போதும் அப்படித்தான் சொல்கிறார்கள், கோப்பை பெரிதாகவே இருக்கலாம்.