பாஸ்ட் சிம்பிளா, பாஸ்ட் பெர்ஃபெக்டா? ஆங்கில ரீச்சர்மார் கொஞ்சம் சொல்லுங்கோ

வணக்கம். மகள் இந்த முறை சாதாரண தரப் (ஓ/எல்) பரீட்சை எடுக்கிறாள். வினையைத் தந்து இடைவெளி நிரப்பச் சொல்லும் பயிற்சியில் இருவரும் மாட்டுப்பட்டு நிற்கிறோம்.

‘வென் வீ ரீச்ட் கோண்டாவில், த ட்ரெயின் லெஃப்ட்’ (பாஸ்ட் சிம்பிள்) என்றால் நாங்கள் போய்ச் சேர, கண்முன்னே ரயில் புறப்பட்டது. ‘ஹாட் லெஃப்ட்’ (பாஸ்ட் பெர்ஃபெக்ட்) என்றால் நாங்கள் போக முதலே போய்விட்டது, வெறும் தண்டவாளம்தான். இதுவரை சரி, பிள்ளைக்கும் விளங்குது.

சிக்கல் ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ வரும் இடத்தில். ‘ஆஃப்டர் ஷீ ஃபினிஷ்ட் ஹெர் ஹோம்வேர்க், ஷீ வென்ட் டு த டெம்பிள்.’ எது முதல், எது பிறகு என்று ‘ஆஃப்டர்’ காட்டுதே, பிறகேன் ‘ஹாட்’? இலக்கணப் புத்தகங்கள் இரண்டையும் ஏற்கின்றன. ரியூசனில் ‘ஹாட் ஃபினிஷ்ட்’ மட்டும்தான் சரியாம். மற்றதற்குச் சிவப்புக் கோடு. இப்ப அவள் பயத்தில் கட்டுரையிலும் எல்லா வினைக்கும் ‘ஹாட்’ போடுகிறாள்!

விடைத்தாள் திருத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ: பரீட்சையில் இரண்டுக்கும் புள்ளி குடுப்பினமா? இல்லையென்றால் எந்தெந்த இடத்தில் ‘ஹாட்’ கட்டாயம்? நல்ல பயிற்சித்தாள் இருந்தாலும் அனுப்புங்கோ. ‘யூடியூப்பில பாருங்கோ’ என்று மட்டும் சொல்லாதேங்கோ.