ஐரோப்பிய ஒன்றியத்துக்கு எஸ்பெராண்டோ இடைமொழியாகுமா? எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத, திட்டமிட்டு உருவாக்கப்பட்ட இந்த மொழியைப் பற்றி, புனைபெயர்களில் மூவர் வாதிடுகிறார்கள்.

பாலம்: ஒன்றியத்தில் 24 அலுவல் மொழிகள். ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற 23க்கும் பெயர்க்க வேண்டுமென்றால் 552 திசைகள். மால்டீஸிலிருந்து எஸ்தோனியனுக்கு நேராகப் பெயர்க்க ஆள் கிடைப்பது அரிது. அதனால் பேச்சு முதலில் ஆங்கிலத்துக்கோ பிரெஞ்சுக்கோ போய், அங்கிருந்துதான் எஸ்தோனியருக்கு வரும். நடுவில் இருப்பவர் ஒரு ‘இல்லை’யைத் தவறவிட்டால், அவரை நம்பிப் பெயர்க்கும் எல்லா மொழிகளிலும் அதே பிழை ஏறும். எப்படியும் இடைமொழி வேண்டும். அது எஸ்பெராண்டோவானால் 48 திசைகள் போதும், எந்த நாட்டுக்கும் சலுகை இல்லை.

கறார்கணக்கு: ஆங்கிலத்தையே ஒரே இடைமொழியாக்கினால் 46தான். நீங்கள் 25ஆவது மொழியைச் சேர்க்கிறீர்கள். சலுகை என்கிறீர்கள், 2020இல் பிரிட்டன் வெளியேறிய பிறகு, பெரும்பாலானோர் வீட்டில் ஆங்கிலம் பேசும் நாடு அயர்லாந்து ஒன்றுதான். 45 கோடிப் பேரில் அது சுமார் 50 லட்சம். ஆள் பலத்தையும் பாருங்கள். ஐரிஷ் 2007இல் அலுவல் மொழியானது. மொழிபெயர்ப்பாளர் போதாமல், எல்லாச் சட்டங்களையும் அதில் தர வேண்டிய கடமை 2021 முடியும்வரை தள்ளிப்போனது. அரசே பின்னால் நின்ற மொழிக்கு 15 வருடம்!

பாலம்: ஐரிஷில் இலக்கணத்தைப் பொறுத்துச் சொல்லின் முதல் எழுத்தே மாறும். எஸ்பெராண்டோவில் அந்தத் தொல்லை கிடையாது. ‘மல்சானுலேயோ’வைப் பிரியுங்கள்: மல் எதிர்ப்பொருள், சான் நலம், உல் ஆள், ஏய் இடம், ஓ பெயர்ச்சொல் விகுதி. நலமற்றவர் இருக்கும் இடம், அதாவது மருத்துவமனை. ஒட்டுகளை ஒருமுறை படித்தால் நூற்றுக்கணக்கான சொற்கள் கைக்கு வரும்.

வேர்ச்சொல்: ஒட்டிக்கொண்டே போவது தமிழருக்கு உடனே பிடிபடும். ஆனால் ‘பெரிய வீடுகளை’ என்று நாம் சொல்லும்போது ‘பெரிய’ மாறுவதில்லை. அங்கே ‘கிராண்டாய்ன் டோமோய்ன்’: பன்மையும் வேற்றுமையும் பெயரடையிலும் ஏற வேண்டும். வேகமாகப் பேசும்போது முதலில் நழுவுவது அந்த வேற்றுமை உருபான ‘ன்’தான். 1907இல், எஸ்பெராண்டோவைத் திருத்தி இடோ என்ற மொழியை உருவாக்கியவர்கள் பெயரடையின் இந்த இயைபை நீக்கினார்கள், எஸ்பெராண்டோ இயக்கமே பிளந்தது. வேர்ச்சொற்களோ பெரும்பாலும் லத்தீன், ஜெர்மானிய வழி வந்தவை. ஐரோப்பாவுக்குள் நடுநிலை என்றால் ஏற்கலாம், உலகத்துக்கே என்றால் மாட்டேன்.

கறார்கணக்கு: பேச்சை விடுங்கள், சட்டத்துக்கு வாருங்கள். ஒன்றியத்தின் கலைச்சொல் தளமான இயாட்டேயில் ஒரு கருத்துக்கு எதிரே பல மொழிகளில் நிகர்ச்சொல் நிற்கும். எஸ்பெராண்டோவுக்கு அந்த நிகர்ச்சொற்களை முதலிலிருந்து நிரப்ப வேண்டும். ‘நலமற்றவர் இடம்’ என்று ஒட்டிச் செய்த சொல் மருத்துவமனையா, முதியோர் காப்பகமா என்று நீதிமன்றம் கேட்டால்?

பாலம்: அந்த வேலை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் சட்ட உரையில் தொடங்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு குழுவின் வாய்மொழிக் கூட்டங்களில், மால்டீஸ்–எஸ்தோனியன் போன்ற நான்கைந்து இணைகளுக்கு மட்டும் வைத்துப் பார்ப்போம். ஒரே உரையை ஆங்கிலம் வழியாகவும் எஸ்பெராண்டோ வழியாகவும் அனுப்பி, விட்டுப்போனதையும் திரிந்ததையும் எண்ணலாம்.

கறார்கணக்கு: எண்ணுவதானால் இரண்டு அணிக்கும் ஒரே அளவு பயிற்சி நேரம் வேண்டும். பத்து வருட ஆங்கிலத்தோடு ஆறு மாத எஸ்பெராண்டோவை நிறுத்தினால் அந்த முடிவை நானே ஏற்க மாட்டேன்.